பிங்கர் சிப்ஸ் வந்த வழி

மன்னர்கள் எழுப்பிய கோட்டைகளுக்கு வரலாறு எழுதுவோர் பலர். மக்கள் மூட்டிய அடுப்புகளுக்கு வரலாறு எழுதுவோர் சிலரே. ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது, சந்திரகிரிக் கோட்டையைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். எழுதவொட்டாமல் தடுத்தது ஒரு தட்டு உருளைக்கிழங்கு.

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் பேத்தி, ஒரு மாலைப் பொழுதில் பிங்கர் சிப்ஸ் வேண்டுமென்றாள். திருப்பதியில் அதற்குக் குறைவில்லை. தெருவுக்கு ஒரு கடை உண்டு. ஆனால் குழந்தையின் விருப்பம் வேறு. தொண்ணூறை நெருங்கும் என் அன்னையாருடன் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்ன வேண்டுமாம். அன்னையாரோ வெளிக் கடையில் விற்கும் வறுவலை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடுவதில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கலாமெனின், பொரித்த பண்டம் எனக்கு ஆகாதென மருத்துவர் விதித்திருக்கிறார். ஆகவே மருமகள் ஓவனில் வாட்டித் தர முன்வந்தாள். அரைமணி கழித்துத் தட்டு வெளியே வந்தது. மேலே கருகல், உள்ளே வேக்காடின்மை, கையில் எடுத்தால் வாடிய கொத்தவரங்காய்போல் தொங்கியது. குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்னையார் ஒரு துண்டை வாயிலிட்டுவிட்டு, "இது எந்த ஊர்ப் பண்டமடா?" என்று கேட்டார்.

எந்த ஊர்ப் பண்டம் என்ற அக்கேள்விக்கு விடை தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

திருமலைக் கோயிற் சுவர்களில் ஏராளமான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பதை நம்மவருட் பலர் அறிவர். 1930களில் தேவஸ்தானத்தார் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டனர். வரலாற்று மாணவர்க்கு அவை மன்னர் பெயர்களும் ஆண்டுக் கணக்கும் தருவன. என்போன்ற சோற்றுப் பிரியர்க்கோ மடைப்பள்ளியின் கணக்கேடாகவே தோன்றும். நெய்யமுது, தயிரமுது, கறியமுது, மிளகமுது, உப்பமுது, அடைக்காயமுது, இலையமுது என ஒவ்வொன்றும் அளவோடு குறிக்கப்பட்டிருக்கும். விசயநகர காலத்தில் அப்பபடி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி எனப் பணியார வகைகளும் பெருகின. கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை மலையேறி வந்து வேங்கடவனை வழிபட்டார். அந்த ஏழு முறையும் அவருக்குக் கிட்டிய பிரசாதத்தில் உருளைக்கிழங்கு இல்லை, மிளகாய் இல்லை, தக்காளியும் இல்லை. இருந்திருக்கவும் இயலாது.

ஏனெனில் அக்காலத்தில் உருளைக்கிழங்கு தன் பிறந்தகத்தை விட்டு வெளியேறவே இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைத்தொடரில், டிட்டிகாக்கா ஏரியைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில், இற்றைக்கு ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பயிர் செய்யத் தொடங்கினர் என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே இரவிற் பனி உறையும். பகலில் வெயில் காயும். அம்மக்கள் கிழங்கை இரவுப் பனியில் உறைய வைத்துக் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்திச் 'சுன்யோ' என்னும் வற்றலாக ஆண்டுக்கணக்கில் சேமித்தனர். நம் பாட்டிமார் வெயிற்காலத்து வற்றலும் வடகமும் இடும் வித்தைக்கு இது தொலைதூர உறவு. 1532இல் பிசாரோவின் படை இன்காப் பேரரசனைச் சிறைப்பிடித்தது. பொன்னைத் தேடிச் சென்ற இசுபானியர் கிழங்கைப் பொருட்படுத்தவில்லை. எனினும் கப்பலில் ஏதோ ஒரு மூலையில் அது ஏறிக்கொண்டது. 1567இல் கானரித் தீவுகளிலிருந்து ஆண்ட்வெர்ப்பு நகருக்கு உருளைக்கிழங்கு அனுப்பப்பட்டதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது.

இந்தியாவுக்கு அது வந்த காலத்தை உறுதியாகக் கூறுதல் அரிது. 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் சிலர் தம் குறிப்புகளில் 'பொட்டேட்டோ' என்று எழுதி வைத்தனர். அக்காலத்தில் அச்சொல் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் வழங்கியதாதலின், அவர்கள் உண்டது எதுவென்பதில் ஐயம் உண்டு. போர்த்துக்கேயர் வாயிலாக மேலைக் கடற்கரையில் நுழைந்தது என்பதற்கு மொழியே சான்று. மராத்தியரும் கொங்கணியரும் இன்றும் அதனைப் 'பட்டாட்டா' என்றே அழைக்கின்றனர்.

சொல் ஆராய்ச்சியிற் சுவை கண்டோர்க்கு இக்கிழங்கு ஒரு விருந்தாகும். ஒல்லாந்தர் 'மண் ஆப்பிள்' என்னும் பொருளில் 'ஆர்டாப்பெல்' என்றனர். அவர்கள் ஆண்ட இலங்கையிற் சிங்களவர் வாயில் அது 'அர்த்தாபல்' ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் வழங்கும் பெயருக்கும் 'மண் ஆப்பிள்' என்பதே பொருள். வடநாட்டார் வேறு கிழங்குகளுக்கு வழங்கிய பழஞ்சொல்லையே புதியவனுக்குச் சூட்டி 'ஆலு' என்றனர். கடற்கரை ஆந்திரத்தார் 'பங்காளாதும்ப' என்பர். வங்காளத்துக் கிழங்கு என்பது அதன் பொருள். தெலங்கானத்தில் அஃது 'ஆலுகட்ட'. ஆனால் சித்தூரிலும் இராயலசீமையின் ஏனைய பகுதிகளிலும் சந்தைக்குச் சென்று பாருங்கள். தெலுங்கு பேசும் குடியானவர் 'உர்லகட்ட' என்றுதான் விலை கூறுவார். 'கட்ட' தெலுங்கிலும் கன்னடத்திலும் கிழங்கைக் குறிக்கும். 'உர்ல' நம் 'உருளை'யோடு ஒரு வயிற்றுப் பிறந்தது. அயல்நாட்டிலிருந்து வந்த பண்டத்துக்கு அயற்பெயரை இரவல் வாங்காது, உருண்டையாக இருந்ததால் உருளை என்று தம் சொல்லாலேயே பெயரிட்டனர் இப்பகுதி மக்கள். சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். அவ்வாண்டு ஏப்பிரலில் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி பிரிந்து சென்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. கோடுகள் இத்தனை முறை மாறியும் சந்தையில் உர்லகட்டயும் உருளைக்கிழங்கும் ஒரே தராசில்தான் நிறுக்கப்படுகின்றன. நம்மிற் பலர் இங்குக் குடியேறி வந்தவர். வேறு பலர் இருந்த இடத்திலேயே இருந்தவர், எல்லைதான் வந்து போயிற்று. இது வேறொரு கட்டுரைக்குரிய பொருளாதலின் மீள்வோம்.

தென்னாட்டில் இக்கிழங்கு வேரூன்றியதற்கு இரண்டு வாயில்களைக் கூறலாம். ஒன்று நீலகிரி. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகையிற் கல்வீடு ஒன்று கட்டித் தோட்டமிட்டு, உருளைக்கிழங்கு முதலிய சீமைக் காய்களைப் பயிரிட்டார். மலைவாழ் படகர்கள் அதனை விரைவில் தம் பயிராக்கிக்கொண்டனர். இன்றும் மேட்டுப்பாளையம் மண்டியில் நீலகிரிக் கிழங்குக்குத் தனி மதிப்பு உண்டு. மற்றொன்று பெங்களூர். 1809இல் அங்கே ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தனர். சிப்பாய்க்குச் சோறு போதும். வெள்ளைச் சோல்சருக்கோ கிழங்கு வேண்டும். அத்தேவையைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்துக் குடியானவர் நிறைவேற்றத் தொடங்கினர். கோலார், சிக்கபள்ளாப்பூர்ப் பகுதிகள் இன்று உருளைக்கிழங்குக்குப் பேர்பெற்றவை. அம்மேட்டின் கீழைவிளிம்புதான் நம் பலமநேர். மொகிலி மலைவழியேறிப் பலமநேர் சேர்ந்தவுடன் காற்றில் ஒரு குளிர்ச்சியை உணரலாம். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,200 அடி உயரம். நீலகிரிக்கு வழி திறப்பதற்கு முன்னர் வெள்ளை அதிகாரிகள் கோடைக்கு ஒதுங்கிய இடம் அது. இன்று பலமநேர், வி.கோட்டை, குப்பம் பகுதிகளில் உருளைக்கிழங்கு பயிராகிறது. சித்தூர்ச் சந்தையில் நாம் வாங்கும் கிழங்கிற் பாதிக்குமேல் வடநாட்டு லாரியில் வந்ததா, மலைமேட்டிலிருந்து இறங்கியதா என்று கேட்டு வாங்குவது நன்று. காரணம் கீழே வரும்.

இவ்வாறு வீடு வரை வந்த கிழங்கு எல்லா இலையிலும் இடம் பெற்றுவிடவில்லை. நம் இல்லங்கள் பலவற்றில் திவசத்தன்று சீமைக்காய் சமைப்பதில்லை. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், புடலை ஆகியவை இலையேறும். உருளையும் முட்டைக்கோசும் கூடையிலேயே கிடக்கும். முன்னோர் அறியாத பண்டத்தை முன்னோர்க்குப் படைப்பது எங்ஙனம் என்பது அதன் உட்பொருள்போலும். இருநூறு ஆண்டுகள் உடனிருந்தும் அந்த ஒரு நாளில் மட்டும் அது வெளியூரான்.

இனி வறுவலுக்கு வருவோம். இதனைக் கண்டறிந்தவர் தாமே எனப் பிரெஞ்சுக்காரரும் பெல்ஜியரும் இன்றளவும் வழக்காடுகின்றனர். மியூசு ஆறு உறைந்து மீன் கிடைக்காத ஒரு பனிக்காலத்தில் மீன் வடிவிற் கிழங்கை நறுக்கிப் பொரித்தனர் என்பது பெல்ஜியர் கதை. அக்காலத்து ஏழைக் குடும்பத்தில் ஒரு சட்டி நிறையக் கொழுப்புக்கு எங்கே போவது என்று வரலாற்றறிஞர் கேட்கின்றனர், நல்ல கேள்வி. பிரான்சிலோ 1748இல் பாரிசு நீதிமன்றம் இக்கிழங்கை உண்ணலாகாதென்றே தடுத்திருந்தது. பிரஷியரிடம் சிறைப்பட்டுக் கிழங்குண்டு உயிர் தரித்து மீண்ட பார்மாந்தியே என்னும் மருந்தியலாளர் அதன் பெருமையை ஊரறியச் செய்தார். 1772இல் பாரிசு மருத்துவக் கழகம் உண்ணத்தக்கதென ஒப்புக்கொண்டது. பின்னர்ப் பாரிசின் 'புதுப்பால'த்தருகே தள்ளுவண்டிக்காரர் கிழங்கைப் பொரித்து விற்றனர் என்பர். முதல் உலகப் போரில் பிரெஞ்சு பேசிய பெல்ஜியச் சிப்பாய்களிடம் வாங்கியுண்ட அமெரிக்கர் இட்ட பெயரே 'பிரெஞ்சு பிரைஸ்' என்பது பொருந்தாது. 1856இல் வெளிவந்த ஓர் ஆங்கிலச் சமையல் நூலிலேயே பிரெஞ்சுப் பெயர் காணப்படுகிறது. நம் நாட்டிலோ ஓட்டல் பட்டியல்களில் அது விரலை நினைந்து 'பிங்கர் சிப்ஸ்' ஆயிற்று. கண்டவுடன் வடிவத்தாற் பெயரிடும் வழக்கம் உருளையோடு நிற்கவில்லை.

1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஐடகோவைச் சேர்ந்த சிம்ப்ளாட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், பாதி பொரித்து உறையவைத்த வறுவல் உருவாயிற்று. அதன்பின் உலகெங்கும் ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே சுவை. 1996இல் மெக்டொனால்டு நிறுவனம் இந்தியாவிற் கடை திறந்தது. நம் கிழங்குகளில் நீர் மிகுதி, மாவுச்சத்துக் குறைவு, வறுவலுக்கு ஒவ்வா. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் 1998இல் 'குப்ரி சிப்சோனா' என்னும் வகைகளையும், பின்னர்ப் 'பிரைசோனா' என்னும் வகையையும் வெளியிட்டது இக்குறை போக்கவே. 1949இல் பாட்னாவில் தொடங்கி 1956இற் சிம்லாவுக்கு மாறிய அந்நிலையத்தின் கிளையொன்று உதகைக்கருகே முத்தோரையில் இருக்கிறது.

அன்னையாரின் நோன்புக்குக் காரணம் 2001ஆம் ஆண்டுச் செய்தி. அமெரிக்காவில் அந்நிறுவனத்தார் முன்னர் மாட்டுக் கொழுப்பிலேயே கிழங்கைப் பொரித்து வந்தனர். 1990இல் தாவர எண்ணெய்க்கு மாறினோம் என்று அறிவித்தனர். ஆனால் 'இயற்கை மணம்' என்ற பெயரில், உறைந்த வறுவலில் மாட்டிறைச்சிச் சாறு சிறிதளவு தொடர்ந்து சேர்க்கப்பட்டு வந்தது. தாவர எண்ணெய் என்ற சொல்லை நம்பிப் பத்தாண்டுக்கும் மேலாக உண்டிருந்த இந்துக்களும் ஏனைச் சைவ உணவினரும் சியாட்டில் நகரில் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2002இல் ஒரு கோடி டாலர் தர இசைந்தது. இந்தியக் கடைகளில் அத்தகைய சேர்க்கை இல்லை என்று அறிவிக்கவும் செய்தது. அறிவிப்பை நாளிதழிற் படித்த அன்னையார், "அங்கேயும் முதலில் இல்லை என்றுதானே சொன்னார்கள்" என்று கூறிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அக்காலத்தில் என் மகன் அமெரிக்காவிற் பயின்றுகொண்டிருந்தான். அவன் எத்தனை பொட்டலம் தின்றிருப்பான் என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. கேளாமையே எங்களை வருத்தியது.

சோர்ந்து தொங்கிய வறுவலின் குறை எங்கே என்று ஆராய்ந்தோம். எண்ணெய்ச் சட்டியில், கொதிக்கும் எண்ணெய் துண்டின் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் தாக்கும். மேற்பரப்பின் நீர் நொடியில் ஆவியாகிப் புறத்தோடு மொறுமொறுப்பாகும். ஓவனிலோ வெப்பத்தைச் சுமப்பது காற்று. காற்று சோம்பேறிக் கூலியாள். அவன் வேலை செய்து முடிப்பதற்குள் கிழங்கின் நீரே ஆவியாகி அதனை அவித்துவிடும். ஆகையால் ஓவனிற் செய்வோர், காற்றின் வேலையிற் பாதியை முன்கூட்டியே செய்து கொடுத்தல் வேண்டும்.

முதற்கண், கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்தல் தவறு. கடுங்குளிரில் மாவுச்சத்துச் சர்க்கரையாக மாறும். அச்சர்க்கரையே எங்கள் முதல் தட்டைக் கருக்கியது. குளிர்சாதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து வரும் கிழங்குக்கும் இக்குறை நேரலாம். எங்கிருந்து வந்ததெனக் கேட்கச் சொன்னது இதனாலேயே. மாவுச்சத்துள்ள கிழங்கு அதிகமாகச் சூடேறிக் கருகும்போது அக்ரிலமைடு என்னும் தீய பொருள் உண்டாகிறதென 2002இற் சுவீடன் நாட்டு அறிஞர் அறிவித்தனர். எனவே பொன்னிறமே எல்லை, அதைத் தாண்டலாகாது.

முற்றிய கிழங்காக 1 கிலோ எடுத்து, விரற்பருமனில் நறுக்கி, நீர் தெளியும்வரை அலசி அரைமணி ஊறவைத்தோம். மேலொட்டிய மாவும் சர்க்கரையும் நீங்கின. பின்பு 2 லிட்டர் நீரில் 2 மேசைக்கரண்டி வினிகரும் உப்பும் இட்டுக் கொதிக்கையில் துண்டுகளைப் போட்டு 8 நிமிடம் வேகவைத்தோம். வினிகரின் புளிப்பு, கிழங்கின் நாரைக் குழையவிடாது காக்கும்; உட்புறம் வெந்தும் துண்டு உடையாது. வடித்து வேட்டித்துணியிற் பரப்பி, ஈரம் முற்றும் உலரும்வரை விசிறியடியில் விட்டோம். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் முன்செய்த அனைத்தும் வீண். உலர்ந்த துண்டுகளில் 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெயும், என் துணைவியின் யோசனைப்படி 2 தேக்கரண்டி அரிசி மாவும் பிசறினோம். அரிசி மாவு தரும் மொறுமொறுப்பை முறுக்குச் சுட்டவர் அறிவர். ஓவனை வெறுந்தட்டோடு 220 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, துண்டுகளை ஒன்றையொன்று தொடாவண்ணம் ஒரே வரிசையாகப் பரப்பி, 20 நிமிடம் கழித்துப் புரட்டி, மேலும் 10 முதல் 15 நிமிடம் வைத்தோம். ஒரு கிலோவை இரண்டு தட்டாகவே வாட்டினோம். நெருக்கினால் ஆவி போக வழியிராது. உப்பை இறுதியில்தான் தூவ வேண்டும். முன்னரே தூவினால் அது நீரை வெளியே இழுத்து மேற்புறத்தை நனைத்துவிடும். 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஏர் பிரையர்' இதே வேலையை விசிறியால் விரைந்து செய்கிறது; உள்ளவர் அதனைக் கையாளலாம்.

கடலை எண்ணெய் என்றேன். நம் சித்தூர் மாவட்டத்துச் செம்மண்ணில் மானாவாரியாக விளையும் நிலக்கடலையும் தென்னமெரிக்காவிற் பிறந்ததே. மேலே தூவிய மிளகாய்த்தூளும் அமெரிக்க மண்ணினதே. அமெரிக்க மண்ணிற் பிறந்த மூன்று பண்டங்கள் வெவ்வேறு கப்பல்களில் ஏறிக் கடல் கடந்து, திருப்பதியில் எங்கள் தட்டிற் கூடின. அரிசி மாவு மட்டுமே உள்ளூர்.

அன்று மாலை தட்டு வெளியே வந்தபோது துண்டுகள் தம்முள் உரசிச் சலசலத்தன. பேத்தி ஒன்றை ஊதி ஊதி ஆற்றி, அன்னையாரின் கையில் வைத்தாள். அவர் பல் இல்லாத பக்கத்தை விடுத்து மறுபக்கத்தால் மெல்லக் கடித்தார்.

"உன் அப்பனும் அந்த ஊரில் இதைத்தான் தின்றானா?" என்று கேட்டார்.

"இது அதைவிட நன்றாயிருக்கிறது, அவ்வா" என்றாள் குழந்தை.

மறுவாரம் என் தந்தையாரின் திவசம். உருளைக்கிழங்குக் கூடையை வழக்கம்போல் அன்னையாரே புறக்கடைக்கு எடுத்துச் சென்று வைத்தார். மறுநாட் காலை, யாரும் கேட்காமலே, தாமே அதனை மீண்டும் உள்ளே கொண்டுவந்தார்.